‘சமர்த்துப் பிள்ளை’யும் நம் சங்கங்களும்

கூட்டுறவு ஆய்வாளன் என்றால் நூற்கட்டுகளை எண்ணுபவன், நிலுவைப் பட்டியலைக் கேட்பவன், பேரேட்டில் சிவப்பு மையால் குறியிடுபவன் என்பதே உறுப்பினர்கள் அறிந்தது. அத்தகையவன் கைக்குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றி எழுத முன்வந்திருப்பதைக் கண்டு, “இவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு விடையாக, என் கணக்கில் நான் விட்ட பிழை ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றில், ஓடும் தறிகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க ஓர் உறுப்பினர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். குழித்தறியில் மகன் நெய்துகொண்டிருந்தார். மருமகள் சுவரோரம் அமர்ந்து இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறிக்கு நான்கு முழத் தொலைவில், உத்தரத்தில் கட்டிய தூளியில் பத்து மாதக் குழந்தை படுத்திருந்தது. தறியின் ஓசை அச்சிற்றறையை அதிரச் செய்தது, குழந்தை அசையவில்லை. பாட்டியார் பெருமிதத்தோடு கூறினார்: “நெசவாளி பேரனுங்க ஐயா. எத்தனை சத்தம் கேட்டாலும் எந்திரிக்க மாட்டான். அழுகையே கெடையாதுங்க.” நானும், “சமர்த்துப் பிள்ளை” என்று பாராட்டிவிட்டு, படிவத்தில் ‘தறி ஓடுகிறது’ என எழுதிக்கொண்டு அடுத்த வீட்டிற்குப் போய்விட்டேன்.

இருபது மாதங்கள் கழித்து அதே வீட்டிற்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. குழந்தை நன்றாக நடந்தான். ஆனால் ஒரு சொல்லும் பேசவில்லை. “இவன் அப்பனும் மெதுவாத்தான் பேசினானுங்க” என்றார் பாட்டியார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் திண்ணையிலிருந்த பித்தளைக் குடம் உருண்டு கல்தரையில் விழுந்தது. பெரியவர்கள் அனைவரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூற்கண்டை உருட்டிக்கொண்டிருந்த குழந்தை மட்டும் திரும்பவில்லை. அந்த ஒரு கணத்தில் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிற்று. மாவட்ட மருத்துவமனையில் சோதித்தபோது, இரு செவிகளும் பிறவியிலேயே கேளாதவை எனத் தெரிந்தது.

இதில் எவரையும் குற்றங்கூற நான் எழுதவில்லை. அந்தத் தாய் அன்பில்லாதவர் அல்லர். பிறந்த மருத்துவமனையிலே செவிச் சோதனைக்கு மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள். அன்று தறியில் பாவு ஏறியிருந்தது; கெடுவுக்குள் துணி ஒப்படைக்க வேண்டியிருந்தது; போக இயலவில்லை. அப்பிள்ளை அழுது தொல்லை கொடுத்திருந்தால் யாரேனும் உற்று நோக்கியிருப்பார்கள். ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது நம் பழமொழி. அழாத பிள்ளையின் கதி என்ன என்பதைப் பழமொழி சொல்லவில்லை.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தைக்கு உணவைப் போலவே இன்றியமையாதது, அதன் முகம் பார்த்து மறுமொழி கூற ஓர் ஆள். நெசவாளர் வீடுகளிலும் உழவர் வீடுகளிலும் இல்லாதது அன்பன்று. ஓய்ந்த ஒரு கை. ஒரு வீட்டிற்குக் கிட்டாததைப் பல வீடுகள் சேர்ந்து பெறுவதற்கே கூட்டுறவு என்று பெயர். ஆகவே கைக்குழந்தைப் பராமரிப்பு, சங்கங்கள் தம் கடமையாக மேற்கொள்ள வேண்டிய ஒரு பணி என்பது என் துணிபு.

முதலில், அந்த மூன்று ஆண்டுகளில் நடப்பது என்னவென்று பார்ப்போம். ஏறத்தாழ 3 கிலோ எடையும் 50 செண்டிமீட்டர் நீளமுமாகப் பிறக்கும் குழந்தை, ஐந்து மாதத்தில் எடையில் இரட்டிக்கிறது, ஓராண்டில் மும்மடங்காகிறது, நீளம் 75 செண்டிமீட்டரை எட்டுகிறது. வாழ்நாளில் பின்னெப்போதும் இத்துணை விரைவான வளர்ச்சி இல்லை. மூளையின் வளர்ச்சியோ இதனினும் வியப்பானது. பிறக்கும்போது ஏறத்தாழ 350 கிராம் இருக்கும் மூளை, இரண்டு வயது நிறைவதற்குள் வளர்ந்த மனிதனின் மூளையில் முக்கால் பங்கு எடையை அடைந்துவிடுகிறது. நெய்வோருக்குத் தெரியும்: பாவில் நேர்ந்த பிழையை நெசவிலே சீர்செய்வது எளிதன்று. முடியாதது என்று சொல்ல மாட்டேன். பின்னால் செய்யும் சீர்திருத்தத்திற்குக் கூலியும் காலமும் மிகுதி.

உடல், அறிவு, உள்ளம் என மூன்றாகப் பிரித்துப் பேசினாலும், குழந்தையிடத்தில் இவை தனித்தனியே வளர்வதில்லை. தலை நின்ற பிறகே அது நாற்புறமும் நோக்குகிறது. உட்காரத் தொடங்கியதும் இரு கைகளும் விடுதலை பெற்று, எடுத்தும் தட்டியும் எறிந்தும் பொருள்களின் இயல்பை அறிகிறது. முகத்தைத் துணியால் மறைத்து மீண்டும் காட்டினால் எட்டு மாதக் குழந்தை கலகலவென்று சிரிப்பது, மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்பதை அது அறியத் தொடங்கிவிட்டதால்தான். அதே பருவத்தில் புதியவர் தூக்கினால் வீறிட்டு அழும். “பிள்ளைக்குப் பழக்கம் போதாது” என்று அதைக் குறைகூறுவோர் உண்டு. உண்மையில் அது வளர்ச்சியின் அடையாளம். தன்னவர் யார், பிறர் யார் என அது பிரித்தறிந்துவிட்டது. இரண்டு வயதில் தரையிற் புரண்டு அடம்பிடிப்பதும் அத்தகையதே: ‘எனக்கு வேண்டும்’ என்னும் எண்ணம் பிறந்துவிட்டது, அதைச் சொல்லும் மொழியும், பொறுத்துக்கொள்ளும் வலிமையும் இன்னும் வரவில்லை. அங்கே தேவைப்படுவது அடியன்று. அருகில் அமைதியாக நிற்கும் ஒருவர்.

இவற்றையெல்லாம் நம் முன்னோர் கவனிக்காமலில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் பருவங்களை வகுத்துப் பாடுகிறது. கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்தை ஒட்டியது. கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தை ஒட்டியது. தளர்நடையிட்டு வரும் வாரானை ஓராண்டை ஒட்டியது. குழந்தையைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தவர்களாலன்றி இவ்வரிசையை வகுத்திருக்க முடியாது. அண்மைக்கால ஆய்வும் இதற்கு அருகிலேயே வந்து நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் தென்தில்லி உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் அளவுகளை வெளியிட்டது. துணையின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்திற்குள்ளும், துணையின்றி நடத்தல் 8 முதல் 17½ மாதத்திற்குள்ளும் நிகழலாம் என்று அது கண்டது. தவழாமலே எழுந்து நடந்த குழந்தைகளும் சில உண்டு. எனவே, அடுத்த வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, நம் பிள்ளை நடக்கவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. எல்லை கடந்தபின் கலங்காமலிருப்பதும் தகாது.

அந்த எல்லைகளுள் சிலவற்றை உறுப்பினர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம். இரண்டு, மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஆறு மாதத்திற்குள் குரல் வந்த திசை நோக்க வேண்டும். ஒன்பது, பத்து மாதத்தில் பெயர் சொன்னால் திரும்புதலும், ‘பாபா, தாதா’ என அசை அடுக்குதலும் காண வேண்டும். ஓராண்டை அடுத்து விரல் நீட்டிக் காட்டுதலும், பொருளறிந்த ஓரிரு சொற்களும் வேண்டும். இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்பதுபோல் இரு சொற்கள் சேர வேண்டும். இவை வரவில்லையென்றாலும், வந்த பேச்சோ செயலோ மறைந்துவிட்டாலும், ‘அப்பனும் மெதுவாகத்தான் பேசினான்’ என்று வாளாவிருத்தல் கூடாது. செவியைப் பொறுத்தவரை, ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதி, ஆறு மாதத்திற்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள கெடு. சங்கக் கடனுக்குக் கெடு வைத்து நினைவூட்டும் நாம், இந்தக் கெடுவையும் நினைவூட்டினால் என்ன?

இனி, முகம் பார்த்து மறுமொழி கூற ஓர் ஆள் வேண்டும் என்றேனே, அதற்குச் சான்றென்ன என்று கேட்கலாம். 1970-களில் அமெரிக்க உளநூல் அறிஞர் எட்வர்ட் ட்ரோனிக் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்த தாய், இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டும் முகத்தைச் சலனமின்றி வைத்துக்கொள்ள வேண்டும். தாய் எங்கும் போகவில்லை; எதிரிலேயே இருக்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கைநீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. மறுமொழி வராதபோது கலங்குகிறது; இறுதியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உடனிருத்தல் வேறு, மறுமொழி தருதல் வேறு என்பதைக் குழந்தை அவ்வளவு இளமையிலேயே அறிகிறது. தறிக்கு அருகில் தூளி இருப்பதாலேயே பிள்ளை தாயோடு இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வது எத்துணைப் பிழை!

நம்மைப் போன்றே வறுமையோடு போராடும் மக்களிடையே நடந்த சான்று ஒன்றும் உண்டு. கரும்பு விளையும் ஜமைக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில், 1986-87-இல், ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள். அவர்களை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மாவு வழங்கினர். இன்னொரு பிரிவினரின் வீட்டிற்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதார உதவியாளர் சென்று, ஒரு மணி நேரம் தாயும் பிள்ளையும் சேர்ந்து பேசவும் விளையாடவும் கற்பித்தார். விளையாட்டுப் பொருள்கள் வீட்டுக் கழிபொருள்களால் செய்யப்பட்டவை. மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காம் பிரிவுக்கு இரண்டுமில்லை. இது இரண்டாண்டுகள் நடந்தது. பின்னர் அவர்கள் வளர்ந்து ஆளானபோது கணக்கெடுத்தார்கள். பால்மாவு மட்டும் பெற்றதன் பயன் நிலைத்து நிற்கவில்லை. பேச்சும் விளையாட்டும் பெற்றவர்களோ, பெறாதவர்களைவிட 25 விழுக்காடு மிகுதியாக ஊதியம் ஈட்டினர். இம்முடிவு 2014-இல் வெளியாயிற்று. பால் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பாலோடு பேச்சும் வேண்டும் என்பதே பொருள். வாரத்திற்கு ஒரு மணி நேரத்தின் விளைவு இருபதாண்டு கழித்துக் கூலியில் தெரிகிறது என்றால், இதனினும் சிறந்த முதலீடு எந்தச் சங்கத்தின் ஐந்தொகையில் உள்ளது?

நிற்க. இன்றைய வீடுகளில் தூளிக் கயிற்றில் கிலுகிலுப்பை தொங்கிய இடத்தில் கைப்பேசி தொங்குவதைக் காண்கிறேன். அதைக் கொடுத்தால் பிள்ளை அழுவதில்லை, வாயும் திறக்கிறது, சோறும் இறங்குகிறது. மீண்டும் ஒரு ‘சமர்த்துப் பிள்ளை’! கைப்பேசி ஓயாமல் பேசும். ஆனால் பிள்ளை பேசினால் மறுமொழி சொல்லாது. ஓராண்டு நிரம்பாத பிள்ளைக்குத் திரையே கூடாது, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கும் அது ஏற்றதன்று என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. இதைச் சொல்லும்போது என் வீட்டை மறைக்க விரும்பவில்லை. தணிக்கை மாதங்களில் இரவு வெகுநேரம் கணக்கெழுதுகையில், என் இளைய மகளின் கையிலும் அதைத்தான் கொடுத்து அமர்த்தியிருக்கிறேன். தாயிடம் மட்டும் உபதேசம் செய்வது எளிது. குழந்தையிடம் பேசும் கடமை தந்தைக்கும் உண்டு.

ஆனால், உபதேசம் மட்டும் போதுமா? போதாது. தார் சுற்றுவது, பாவுக்குத் துணைநிற்பது, உலை வைப்பது, குடம் தூக்குவது ஆகிய அனைத்தும் செய்யும் பெண்ணிடம் ‘குழந்தையோடு பேசுங்கள்’ என்றால், ‘எப்போது?’ என்பதே அவர் விடையாக இருக்கும். அவர் உழைப்பு துணிக்கூலிக்குள் கரைந்துவிடுகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்ணோ, பிள்ளையை வரப்போரத்து மரக்கிளையில் ஏணை கட்டிவிட்டு இறங்குகிறார். அங்கன்வாடி இருக்கிறதே எனலாம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளால் நாடு பெற்ற நன்மை பெரிது. எனினும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அங்கே சத்துமாவு கிடைக்கும்; நாள் முழுதும் தங்க இடம் பொதுவாகக் கிடைப்பதில்லை. அங்கன்வாடியோடு காப்பகம் சேர்க்கும் திட்டத்தை 2022-இல் மத்திய அரசு வகுத்தது. அது எல்லா ஊர்களையும் எட்டிவிடவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் உரிமையாளர்கள் காப்பகம் அமைக்குமாறு பணித்தன. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கிற்று. நம் நெசவாளியோ சங்கத்தின் வேலையாள் அல்லர், உறுப்பினர், தம் வீட்டில் இருந்து நெய்பவர். ஆகையால் இச்சட்டங்களின் நிழல் அவர் வீட்டு வாசலில் விழவில்லை. உரிமையாளன் கடமையாகச் சட்டம் விதித்ததை, தாமே உரிமையாளராக இருப்பவர்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளத் தடையென்ன?

செய்து காட்டியவர்களும் உண்டு. குஜராத்தில் சுயதொழில் புரியும் பெண்களின் சங்கமான சேவா, ஆமதாபாத்தில் குழந்தைப் பராமரிப்புப் பணிப்பெண்களைக் கொண்டே ‘சங்கினி’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை 1986-இல் அமைத்தது. கூலிக்கும் கைத்தொழிலுக்கும் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளை அந்தப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளையைப் பார்ப்பதும் ஒரு தொழில், அதற்கும் கூலி உண்டு, அதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை அச்சங்கம் நிலைநாட்டியிருக்கிறது.

நம் சங்கங்கள் என்ன செய்யலாம்? பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் எடுத்துப் பேசத்தக்க நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு சங்கமும் உறுப்பினர் வீடுகளில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு பதிவேடு தொடங்குக. தறி எண்ணுகிறோம், நிலத்தின் அளவு குறிக்கிறோம், பிள்ளையை எண்ணுவதில்லை. தடுப்பூசி, எடை, செவிச் சோதனை, பேச்சு ஆகியவற்றிற்கு நான்கு பத்திகள் போதும். கிராமச் செவிலியரின் உதவியோடு ஆண்டிற்கு இருமுறை நிரப்பலாம்.

இரண்டு: சங்கக் கட்டடத்தில் காற்றோட்டமான ஓர் அறையைக் காப்பகமாக ஒதுக்குக. நூற்பஞ்சு பறக்கும் அறையும், சாயம் வைக்கும் இடமும், உரமும் பூச்சிமருந்தும் அடுக்கிய கிடங்கும் இதற்கு ஆகா. வேளாண்மைச் சங்கங்கள் நடவு, களை, அறுவடைக் காலங்களுக்கு மட்டுமேனும் இதை நடத்தலாம்.

மூன்று: உறுப்பினர் குடும்பங்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்து, பயிற்சியளித்து, முறையான கூலி கொடுத்து அமர்த்துக. ஒருவரிடம் நான்கைந்து கைக்குழந்தைகளுக்கு மேல் விடலாகாது. விட்டால் அது காப்பகமன்று, மற்றொரு கிடங்கு. தாய் நடுவில் வந்து பாலூட்டிப் போக வசதி வேண்டும்.

நான்கு: செலவை மூன்று பங்காக்குக. ஆதாயத்திலிருந்து ஒதுக்கும் பொதுநல நிதியில் ஒரு பங்கு; பயன்பெறும் குடும்பத்தின் சிறு கட்டணம் ஒரு பங்கு; எஞ்சியதற்கு அரசுத் திட்டங்களின் துணையை நாடுக. முறையான தீர்மானமும் பற்றுச்சீட்டும் இருந்தால், இச்செலவைச் சிவப்பு மையால் சுழிக்க எந்த ஆய்வாளனுக்கும் மனம் வராது. நான் உறுதி கூறுகிறேன்.

“எங்கள் தாய்மார் காப்பகத்தில் விட்டா எங்களை வளர்த்தார்கள்?” என்று பெரியவர்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. ஐயா, அந்நாளில் வீட்டில் பாட்டி இருந்தார். சிற்றப்பன் மனைவி இருந்தார். மணமாகாத அத்தை இருந்தார். பள்ளி விட்டு வந்த அக்காள் இடுப்பில் தூக்கிக்கொண்டார். உங்களை வளர்த்தது ஒரு தாயல்லள், ஒரு கூட்டம். அந்தக் கூட்டம் இன்று கலைந்துவிட்டது. அதை வேறு வடிவில் மீண்டும் கூட்டுவதையே நான் வேண்டுகிறேன். மேலும் அக்காளின் இடுப்பில் பிள்ளை வளர்ந்தபோது, அந்த அக்காளின் படிப்பு என்னவாயிற்று என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சிறுவனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தல் முறையன்று. அரசுக் காப்பீட்டின் உதவியால் மூன்றரை வயதில் செவிக்கருவி பொருத்தப்பட்டது. தாய் வாரந்தோறும் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார். அந்நாட்களில் தறி நிற்கிறது. இப்போது அவனுக்கு ஆறாவது வயது நெருங்குகிறது. மூன்று வயதுப் பிள்ளையைப் போலப் பேசுகிறான். முன்னேறி வருவான் என்று மருத்துவர்கள் நம்புகிறார்கள். சென்ற மாதம் போயிருந்தபோது தறியின் ஓசை பொறுக்காமல் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். பாட்டியார் கண்ணீரோடு சிரித்தார். நான் அன்று அவனைச் சமர்த்துப் பிள்ளை என்று சொல்லவில்லை. அவன் அழுகை நின்றபிறகு, அவன் எதிரே அமர்ந்து, பெயர் சொல்லி அழைத்தேன். திரும்பினான்.

வரும் பேரவைக் கூட்டத்தில், ‘இதர பொருள்கள்’ என்னும் தலைப்பு வரும்போது, ஓர் உறுப்பினரேனும் எழுந்து, “நம் சங்கத்தில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று கேட்பாராக. அக்கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் சங்கம், பாதி வேலையை முடித்துவிட்டது எனலாம்.